கரண்ட் வச்ச வாய்

உக்காரு தாயி. அந்த ஓரத்துல உக்காராத, பெஞ்சு ஆடுது. இப்படி நடுவுல வா. நான் காலையில இருந்து உக்காந்து உக்காந்து இடுப்பே விட்டுப்போச்சு. நின்னாலும் வலிக்குது, உக்காந்தாலும் வலிக்குது. உக்காந்தே வலிக்கட்டும்னு விட்டுட்டேன்.

நீ எந்த ஊரு? ஆரணியா. அப்பச் சரி. எங்க ஊரு ரொம்பத் தூரம், ராஜபாளையம் பக்கம். அங்கிட்டு உனக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையே? சம்பந்தம் கிம்பந்தம் பண்ணியிருக்கா? இல்லல்ல. சும்மாதான் கேட்டேன்.

உங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்தியா? எங்க வீட்டுக்காரரைத்தான் நானும் கூட்டிட்டு வந்திருக்கேன். அந்தா, பாதிக்கதவு போட்ட ரூம்பு தெரியுதுல்ல, அதுக்குள்ள இருக்காக. இந்தப் பல் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரம்மா இன்னிக்கு நேர்ல பாக்கணும்னு கூப்பிட்டு விட்டுச்சு. நானும் கூடவே எந்திரிச்சுப் போனேன். நர்சு கையை நீட்டி நிறுத்திருச்சு. கூட வந்தவங்க வெளிய இருங்கன்னுருச்சு. அவுகளுக்குப் பேச்சு குழறும்மா, நான் இருந்தாத்தான் உங்களுக்குப் புரியும்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். நாங்க புரிஞ்சுக்கிறோம், போய் உக்காருங்கன்னு கதவைச் சாத்திருச்சு. என்னத்தப் புரியப் போகுது. அவுக பேச்சு இப்ப இந்த உலகத்துல எனக்கு ஒருத்திக்குத்தான் புரியும். நான்தான் அவுகளுக்கு வாய்.

தங்கப்பழம் மாஸ்டர்னா எங்க பக்கம் தெரியாத ஆள் கிடையாது தாயி. கல்யாணச் சமையல். காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, எல்லாத்துக்கும் எங்களைத்தான் கூப்பிடுவாக. காய் வெட்டுறது, தேங்கா திருவுறது, வேலைக்கு வர்ற பொம்பளையாளுகளை மேய்க்கிறது எல்லாம் என் பாடு. அடுப்பும் அண்டாவும் அவுக பாடு. அவுக வைக்கிற சாம்பாருக்குன்னே பந்தியில அவனவன் ரெண்டாந்தரம் சோறு வாங்குவான். இதை நான் பெருமைக்குச் சொல்லல. பெருமை பேசுறதுக்கு இப்ப தெம்பு இல்ல.

பொகையிலைதான் எமன். அடுப்புச் சூட்டுல நிக்கிறவுகளுக்கு வாயில ஏதாச்சும் கிடக்கணும். வெத்தலையும் பொகையிலையுமா ஒரு பக்கமா அடக்கி வச்சிருப்பாக. அந்தப் பக்கம் கீழ ஈறு ஓரத்துல வெள்ளையா ஒரு தடிப்பு வந்துச்சு. வாய்ப்புண்ணுதானன்னு மணத்தக்காளிக் கீரையா ஆக்கிக் குடுத்தேன். ஆறல. கிட்ட வா, மெதுவாச் சொல்றேன். புத்துன்னுட்டாங்க. கேன்சரு.

நீ எதுக்கு உச்சுக் கொட்டுற? உங்க அப்பாவுக்கும் அதானா. நாக்குலயா. ஐயோ பாவம்.

அப்ப உனக்கு நான் சொல்றது புரியும். புரியாமலும் போகும். உங்க அப்பா என்ன வேலை பாக்காரு? தறி. பாத்தியா, அது வேற. தறியில உக்காந்திருக்கிறவருக்குப் புத்து வந்தா ஊரு பாவம்னு சொல்லும். புடவையை எவனும் வேண்டாம்னு சொல்ல மாட்டான். சமையக்காரனுக்கு வாயில புத்துன்னா எவன் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவான்? இது ஒட்டுவாரொட்டி இல்லம்மான்னு டாக்டர் சொன்னாரு. டாக்டருக்குத் தெரியும். கல்யாண வீட்டுக்காரனுக்குத் தெரியுமா? எங்க ஊர்ல பலகாரம் போடுற சரக்கு மாஸ்டர் ஒருத்தன் இருந்தான், நல்ல கைப்பக்குவம். புறங்கையில வெள்ளை விழுந்துச்சு, வேற ஒண்ணுமில்ல. அடுத்த முகூர்த்தத்துக்கே அவனைக் கூப்பிட ஆளில்ல. இப்ப ஏதோ மில்லுல வாட்ச்மேனா நிக்கான். அதைக் கண்ணால பாத்தவ நான்.

அதனால யாருக்கும் மூச்சு விடல. பெத்த மக, கட்டிக்குடுத்த வீட்டுல இருக்கா, அவளுக்கே சொல்லல. கேரளாவுல ஒரு கேன்டீன் கான்ட்ராக்ட் கிடைச்சிருக்குன்னு ஊர்ல சொல்லிட்டு மலையாளத்துப் பக்கம் போயிட்டோம். அங்க ஒரு ஆஸ்பத்திரி. ஒரு ஆபரேசன் பண்ணாங்க. அப்புறம் கரண்ட் வைக்கணும்னாங்க, அதான் ரேடியேசன்.

உங்க அப்பாவுக்கு இனிமேத்தான் வைக்கப் போறாங்களா. பயப்படாத. வைக்கும்போது வலிக்காது. மூஞ்சிக்குன்னு அச்சு எடுத்து வலை மாதிரி ஒரு மாஸ்க் செய்வாங்க, அதைப் போட்டு மேசையோட இறுக்கிருவாங்க. நம்மளை வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்துவாங்க. சும்மா ஒரு சத்தம் கேக்கும், அம்புட்டுத்தான். முதல்ல எல்லாம் அவுக, இதுவா கரண்ட்டு, நம்ம கிரைண்டர்ல கூட இதைவிட ஷாக் அடிக்கும்னு சிரிச்சாக. பிறகுதான் தெரிஞ்சுச்சு. வாய் பூரா வெந்துபோச்சு. எச்சி முழுங்க முடியல, பிறகு முழுங்குறதுக்கு எச்சியே இல்ல. கழுத்து கறுத்துச்சு. ஒரு பக்கம் தாடி முளைக்கல, இன்னிக்கு வரைக்கும் முளைக்கல. அதுக்குத்தான் தினம் சவரம் பண்ணிவிடுறேன், ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத் தெரியணும்ல.

உங்க அப்பாவை இங்க எதுக்கு அனுப்பினாங்க? சொத்தைப் பல்லை எல்லாம் முதல்லயே எடுத்துட்டு வரச் சொன்னாங்களா? புண் நல்லா ஆறுனதுக்குப் பிறகுதான் கரண்ட்டுன்னாங்களா? எங்களுக்கும் அதைத்தான் சொன்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன். பின்ன என்ன? தை மாச முகூர்த்தத்துக்குள்ள ஊர் திரும்பியாகணும். பல்லைப் பிடுங்கிட்டு அது ஆறட்டும்னு சும்மா உக்காந்திருந்தா தை போயிரும். அதுவும் போக, மனுசன் கேன்டீன் வேலைக்குப் போறேன்னு போயிட்டு வாய் பொக்கையாகித் திரும்பி வந்தா ஊர் கேக்காதா? பல்லு இருக்கட்டும் டாக்டர், பெறகு பாத்துக்கிடலாம்னேன். அந்த மலையாளத்து டாக்டரம்மாவுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. அப்படின்னா இனிமே எத்தனை வருஷம் ஆனாலும் என்னைக் கேக்காம அந்தத் தாடைப் பல்லுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு மலையாளமும் தமிழுமா ஒரு பாட்டம் பேசுச்சு. அவுக தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டு இருந்தாக. நான் பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு பையைக் கட்டிக்கிட்டு இருந்தேன். அந்தம்மா ஆயிரம் சொல்லும். வாயை நனைச்சுக்கிட்டே இரு, காரம் தொடாத, ராத்திரி படுக்கும்போது பல்லுக்கு ஒரு அச்சு மாட்டி அதுல மருந்து தடவு. ஏம்மா, கல்யாண மண்டபத்துல வேலையாளுகளோட வரிசையாப் படுக்கிறவுக நாங்க. அதுகளுக்கு முன்னாடி அச்சை எடுத்து மாட்டுனா சும்மா இருப்பாளுகளா? அந்த அச்சை ஊர் வந்த அன்னிக்கே பரண் மேல போட்டுட்டேன்.

தையில வேலைக்கு வந்துட்டோம். சொன்னா நம்ப மாட்ட. அவுகளுக்கு உப்பு தெரியல. உப்பு, புளிப்பு, ஒண்ணும் தெரியல. அண்டாவுக்கு முன்னாடி கரண்டியோட நின்னு என்னைப் பாத்தாக பாரு, அந்தப் பார்வையை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். நான் காய் எடுக்கப் போற மாதிரிப் போய் ஒரு சொட்டு நக்கிப் பாத்துட்டு, கண்ணைச் சிமிட்டுனா இன்னும் போடணும், தலையை ஆட்டுனா போதும். அப்படித்தான் ஓட்டினோம். ஒரு பயலுக்குத் தெரியாது. அவுக முன்ன மாதிரி சத்தம் போட்டு ஏவுறதில்லையேன்னு கேட்டவுகளுக்கு, தொண்டையில சதை வளந்து எடுத்திருக்கு, டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாருன்னு சொல்லி வச்சேன். யாரு என்ன கேட்டாலும் நானே பதில் சொல்லிருவேன். அவுக பக்கத்துல நிப்பாக.

எச்சி இல்லாத வாயில பல்லு நிக்குமா? சொத்தை விழுந்துச்சு. ஈறு ஓரத்துலயே சுண்ணாம்பாப் பொடிஞ்சுச்சு. கரண்ட் வச்ச பக்கம் கீழ்க் கடவாய்ப் பல்லுல வலின்னா வலி, தலையைச் சுவத்துல முட்டிக்கிடுவாக. அப்பத்தான் அந்த ஆளுகிட்டப் போனோம். சவுந்தரபாண்டியன்னு ஒரு பல் டாக்டரு, எங்க ஊர்லயே கிளினிக் வச்சிருக்கான். அவனை நினைச்சாலே எனக்கு வயிறு எரியுது.

நல்லவன்தான், முதல்ல நல்லவன்தான். அவன் மகளுக்குக் காதுகுத்து நாங்கதான் சமைச்சோம். போனதும் மாஸ்டர் வாங்கன்னு எந்திரிச்சான். சுகர் இருக்கா, பிரசர் இருக்கா, வேற எதுக்காச்சும் ட்ரீட்மெண்ட் எடுத்தீங்களான்னு கேட்டான். ஒண்ணுமே கிடையாதுன்னேன். பின்ன என்ன சொல்லச் சொல்ற? அவன் அம்மாவுக்கு எழுபது முடிஞ்சு பெரிய விசேஷம் வருது, அவன் பொண்டாட்டி வழியில நாலு கல்யாணம் வருது. அந்தக் குடும்பத்துல சொன்னா ஊர் பூரா தண்டோரா போட்ட மாதிரி. கழுத்து ஏன் கறுத்திருக்குன்னு கேட்டான். அடுப்புச் சூடு டாக்டர், முப்பது வருசமா அனல்ல நிக்கிறாகள்லன்னேன். அவனும் ஆமா ஆமான்னுட்டான். அவுக என்னமோ கையைத் தூக்கிக் கழுத்துப் பக்கம் கொண்டு போனாக. அவுகளுக்கு ஊசின்னா சின்னப் பிள்ளை மாதிரி பயம். நான் கையை எறக்கிப் பிடிச்சுக்கிட்டேன். பயப்படாதீங்க, நான் இருக்கேன்லன்னு தடவிக் குடுத்தேன்.

அப்புறம் படம் எடுக்கணும்னான். அதுக்கு மட்டும் நான் ஒத்துக்கிடவே இல்ல. எக்ஸ்ரேயும் கரண்ட்டுதான தாயி? ஏற்கனவே அம்புட்டு கரண்ட்டு வாங்கின உடம்பு, அதுல இவன் வேற கொஞ்சம் ஏத்தணுமா? அதெல்லாம் உடம்புக்குக் கெடுதி, படம் எல்லாம் வேண்டாம், சொத்தைப் பல்லுதான, பிடுங்கி விடுங்கன்னேன். இது ரொம்பக் கொஞ்சம்தாம்மா, வெயில்ல நடந்து போற மாதிரின்னு என்னென்னமோ சொல்லிப் பாத்தான். நான் அசையல. அந்த அளவுக்கு அவுக உடம்பைப் பாத்துக்கிட்டவ நான். யாரு இப்படிப் பாத்துப்பா?

பிடுங்கினான். அன்னியில இருந்து தொடங்குச்சு சனியன். ஆறவே இல்ல. பல்லு இருந்த குழி குழியாவே கிடந்துச்சு. பிறகு உள்ள எலும்பு தெரிஞ்சுச்சு, மஞ்சளா. வாய் நாத்தம் அடிச்சுச்சு தாயி, கிட்டப் படுக்க முடியாது. நான் படுத்தேன். பிறகு தாடைக்கு வெளிய ஓட்டை விழுந்து சீழ் வடிஞ்சுச்சு. குடிக்கிற கஞ்சி அந்த வழியா வெளிய வருது. சமையலுக்கு நின்ன மனுசன் துண்டை வாயில பொத்திக்கிட்டு வீட்டு மூலையில உக்காந்துட்டாக. நானும் அவுகளோட கஞ்சிதான் குடிக்கேன். அவுக முன்னாடி எப்படிச் சோறு உண்ண முடியும்?

நான் விடல. நேரா கிளினிக்குக்குப் போனேன். அம்புட்டுப் பேரு உக்காந்திருக்காக, அவுக முன்னாடி வச்சு நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டேன். பல்லைப் பிடுங்கச் சொன்னா எலும்பை ஒடச்சு விட்டுட்டியே, நீயெல்லாம் படிச்சியா, காசு குடுத்து வாங்கினியான்னு கேட்டேன். அவன் அன்னிக்குச் சாயங்காலமே எங்க வீட்டுக்கு வந்தான். புண்ணைக் கழுவினான், மாத்திரை குடுத்தான், பைசா வாங்கல. குத்தம் உள்ள நெஞ்சு, வேற என்ன? கிளம்பும்போது என்னைத் தனியாக் கூப்பிட்டு, சீனியம்மாக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, முன்னாடி வேற எதுவும் வைத்தியம் நடந்திருக்கா, எதையும் மறைக்காதீங்க, சொன்னா ஒரு வழி பண்ணலாம்னான். பாத்தியா கள்ளத்தனத்தை? பழியை நம்ம மேல தள்ளப் பாக்கான். ஒண்ணும் இல்லைன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். அதுக்குப் பிறகும் அப்பப்ப வந்தான், வந்து வந்து அதையே கேட்டான். நான் விசேஷ வீடு தவறாம அவன் கதையைச் சொன்னேன். இப்ப அவன் கிளினிக்ல ஈ ஓட்டுறானாம். பக்கத்து ஊருக்கு மாத்திப் போகப் போறான்னு பேச்சு. நல்லா வேணும்.

அவுகதான் ஒரு நாள், சொல்லிருவோம்டீன்னாக. பஸ்ஸுல வரும்போது, இந்தா இப்ப சென்னைக்கு வரும்போதுதான். ஜன்னலைப் பாத்துக்கிட்டே, சொல்லிருவோம், பாவம் அந்தப் பையன்னாக. எந்தப் பையன்னேன். பல் டாக்டராம். எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். உங்க தாடையைக் கெடுத்தவனுக்குப் பாவம் பாக்குறீங்களே, எனக்கு யாரு பாவம் பாக்குறதுன்னு கேட்டுட்டு நான் அழுதுட்டேன். அதுக்குப் பிறகு அவுக பேசவே இல்ல. இங்க வந்து இம்புட்டு நாளாச்சு, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. வாய் வலிக்கும் போல.

மதுரையில பாத்திருக்கலாம், திருநெல்வேலியில பாத்திருக்கலாம். ஆனா எங்க போனாலும் தெரிஞ்ச முகம் ஒண்ணு நிக்கும். அதான் ராத்திரி பகலாப் பயணம் பண்ணி இந்தப் பட்டணத்துக்கு வந்தோம். வந்து சீட்டு வாங்கி உள்ள போனா, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு நிக்கா எங்க ஊர் ரைஸ் மில்லுக்காரர் மக. இங்கதான் பல் டாக்டருக்குப் படிக்காளாம். மாஸ்டர் நீங்களான்னு ஓடி வந்துட்டா. நல்ல பிள்ளை. ஆனா அவ அண்ணன் கல்யாணம் வைகாசியில. அந்த ஆர்டர் எங்களுக்குத்தான். அவுகளால முடியாட்டாலும் ஆளை வச்சு நான் நின்னு செஞ்சு குடுத்துருவேன், தங்கப்பழம் மாஸ்டர் சமையல்ங்கிற பேருக்குத்தான குடுக்காக. அந்தப் பிள்ளைதான் எழுதுறதுக்கு உக்காந்துச்சு. தெளிவாக் கேட்டுச்சு. தலை, கழுத்துக்கு எப்பவாச்சும் கரண்ட் ட்ரீட்மெண்ட் எடுத்திருக்காரான்னு கேட்டுச்சு. அப்படின்னா என்னதுன்னு திருப்பிக் கேட்டேன். அது சிரிச்சுட்டு இல்லைன்னு எழுதிக்கிடுச்சு.

இன்னிக்கு என்ன பண்ணப் போறாங்களா? அந்தக் குழிக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு பல்லு ஆடுது. அதைப் பிடுங்கிட்டு உள்ள கெட்ட எலும்பைச் சுரண்டி விடப் போறாங்களாம். பெரிய டாக்டரம்மா ஒரு தடவை பாத்துட்டா உடனே எடுத்துருவாங்க. எடுத்தா நல்லதுதான. கெட்டது இருக்கிற வரைக்கும்தான் சீழ்.

என்ன தாயி, முகம் மாறிப்போச்சு?

யாரு சொன்னாங்க உனக்கு? உங்க கேன்சர் ஆஸ்பத்திரியிலயா? கரண்ட் வச்ச எலும்புக்குள்ள ரத்த ஓட்டம் செத்துப்போயிருமா? புண் பட்டா அதுக்கு ஆறத் தெரியாதா? பிடுங்க பிடுங்கப் பக்கத்து எலும்பும் சேந்து செத்துக்கிட்டே போகுமா? அதான் உங்க அப்பாவுக்கு முன்னாடியே பிடுங்குறாங்களா.

அது உங்க அப்பாவுக்குச் சொன்னது. ஒவ்வொரு உடம்பும் ஒரு மாதிரி. உங்க டாக்டர் கொஞ்சம் பயமுறுத்துற ஆளு போல. கரண்ட் வச்சு ரெண்டு வருசம் ஆகப் போகுது. அதெல்லாம் உடம்பை விட்டு எறங்கிப் போயிருக்கும். உள்ளயே இருக்கிறதுக்கு அது என்ன கம்பியா?

கரண்ட்டு இருக்காது, அது பண்ணிட்டுப் போன சேதாரம் இருக்கும்ங்குறியா? நீ படிச்ச பிள்ளை, பேசுற. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒண்ணுதான். கரண்ட் வச்சு முடிச்சு வந்தப்ப அவுக தாடையில ஓட்டை இல்ல. அந்த ஆளு பல்லைப் பிடுங்கினான், ஓட்டை விழுந்துச்சு. இதுல யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?

ஏன் எந்திரிக்கிற? உக்காரு. எங்க போற? நர்சுகிட்டயா? வேண்டாம் தாயி. உன்னைக் கூடப் பிறந்தவளா நினைச்சுத்தான சொன்னேன். ஊர் பேர் தெரியாத பிள்ளைன்னுதான சொன்னேன். உள்ள அந்த ரைஸ் மில்லுப் பிள்ளை நிக்குது. நீ போய் ஒரு வார்த்தை சொன்னா இன்னிக்குச் சாயங்காலமே எங்க ஊருக்குப் போன் போயிரும். வைகாசி போச்சு, ஆவணி போச்சு, அந்த மனுசனோட பேரும் போச்சு. அவுகளுக்கு வேற என்ன இருக்கு? வாய் போச்சு, ருசி போச்சு, பேர் ஒண்ணுதான் மிச்சம். அதையாவது நான் காப்பாத்திக் குடுக்க வேண்டாமா? உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன், உக்காரு.

தாடை பூராப் போயிருமா? அப்படியெல்லாம் சொல்லாத. நல்ல வாயால நல்லதாச் சொல்லு.

இரு. செத்த இரு. பேசுறாக. அவுக குரல்தான். கேக்குதா உனக்கு?

உனக்கு எங்க புரியும். கொழகொழன்னுதான் கேக்கும். அந்த டாக்டரம்மாவுக்கும் புரியாது, பாரு, திரும்பச் சொல்லுங்கங்குது. நான் போறேன். நான் போய்ச் சொன்னாத்தான்… இல்ல, திரும்பச் சொல்றாக. மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா விட்டு விட்டுச் சொல்றாக. பல்லைப் பிடுங்காதீங்கங்குறாக. கரண்ட் வச்சிருக்குங்குறாக. ஊர் பேரு சொல்றாக, மாசம் சொல்றாக. வலை போட்டு இறுக்குனதைச் சொல்றாக.

சொல்லிட்டாக தாயி. அந்தப் பிள்ளை முன்னாடியே சொல்லிட்டாக.

டாக்டரம்மா என்னமோ கேக்குது. பல் டாக்டர்கிட்ட ஏன் சொல்லலன்னு கேக்குது. எங்ககிட்ட ஏன் இத்தனை நாள் சொல்லலன்னு கேக்குது. கோவமாத்தான் கேக்குது. இரு, அவுக பதில் சொல்றாக. அந்த டாக்டர் மேல தப்பு இல்லங்குறாக. தம்பி கேட்டான், திருப்பித் திருப்பிக் கேட்டான், நான்தான் மறைச்சேங்குறாக.

நான்தான்னா, அவுக.

பொறு, இன்னும் சொல்றாக. மூச்சு வாங்குது அவுகளுக்கு. என் பொண்டாட்டி சொல்லச் சொல்லிக் கெஞ்சினா, நான்தான் கேக்கல, வேலை போயிரும்னு அவ வாயையும் அடைச்சேன், அவளை ஒண்ணும் கேக்காதீங்கங்குறாக.

நான் கெஞ்சினேனாம்.

ஏன் தாயி என்னை அப்படிப் பாக்குற? அவுக வாயால அவுகளே சொல்றாக. பொய் சொல்ற ஆள் இல்ல அவுக, முப்பது வருசமா எனக்குத் தெரியும். அப்படித்தான் இருக்கும். நான் சொல்லச் சொல்லியிருப்பேன். இந்த அலைச்சல்ல எனக்குத்தான் ஞாபகம் இல்லாமப் போச்சு.